அவுட் ஆனால் அடுத்த ஆள்!



போன மாதச் சுவரிதழில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவர் "பழைய வீடியோ கேம் எல்லாம் வேஸ்ட், புது கேம்தான் கெத்து" என்று எழுதியிருந்தார். பக்கத்தில் துப்பாக்கிப் படம் வரைந்திருந்தார், அசல் மாதிரியே இருந்தது. ஆனால் அவர் எழுதியதில் பாதியை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மீதிப் பாதி சரிதான், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆசிரியர் குழு இந்தத் தடவை முழு சார்ட்டையும் எனக்கே கொடுத்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாக இருக்கும். இன்டர்வெல்லில் பாதி, சாப்பாட்டு மணிக்குப் பாதி என்று நின்று படித்துக்கொள்ளுங்கள். இடித்துத் தள்ளி சார்ட்டைக் கிழித்துவிடாதீர்கள்.

பொம்பளைப் பிள்ளைக்கு கேம் பற்றி என்ன தெரியும் என்று சில பேர் நினைக்கலாம். அதற்கும் பின்னால் பதில் வருகிறது.

எங்கள் வீட்டில் ஒரு பிரிக் கேம் இருக்கிறது. திருவிழாக் கடையில் அப்பா வாங்கித் தந்தது. மஞ்சள் கலர், உள்ளங்கையில் அடங்கும், இரண்டு பேட்டரி போட்டால் மாசக் கணக்கில் ஓடும். அட்டையில் '9999 கேம்கள்' என்று போட்டிருந்தது. நானும் தம்பியும் ஒருநாள் பூராவும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். உண்மையில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் தேறவில்லை. அதே கேம்தான் வேகம் மாறி, தொடங்கும் இடம் மாறி, வேறு நம்பரில் வருகிறது! ஆனாலும் அதில் வருகிற ஒரே ஒரு விளையாட்டுக்காக நான் அந்த டப்பாவை மன்னித்துவிட்டேன். அதுதான் மேலேயிருந்து கட்டை விழ விழ அடுக்குவது.

அதன் உண்மையான பெயர் டெட்ரிஸ். 1984-ல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்பவர் செய்தது. அவர் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்தவர். அவரிடம் இருந்த கணினியின் பெயர் எலெக்ட்ரோனிகா 60. அதில் படமே வராது, எழுத்தும் குறியும் மட்டும்தான் வரும். அவர் என்ன செய்தார் தெரியுமா? கணக்கில் நாம் போடுகிற சதுர அடைப்புக்குறி இருக்கிறதே, அதை எதிரெதிராக வைத்துக் கட்டை மாதிரிக் காட்டினார். அவ்வளவுதான் 'கிராபிக்ஸ்'. அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களே வேலையை விட்டுவிட்டு அதை விளையாடினார்களாம். அந்தக் கேம் உலகம் பூராவும் போனது. ஆனால் உரிமை அரசாங்கத்திடம் இருந்ததால் அவர் கைக்குப் பணம் வருவதற்கு 1996 வரை ஆனது.

கணக்கு நோட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். நாலு சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி எத்தனை வடிவம் வரையலாம்? சுற்றித் திருப்பினால் ஒரே மாதிரி வருவதை ஒன்றாக எண்ணுங்கள், கண்ணாடியில் தெரிவது மாதிரி வருவதைத் தனியாக எண்ணுங்கள். சரியாக 7 வரும். எட்டாவது கிடையவே கிடையாது. டெட்ரிஸில் விழுவதும் அந்த 7 கட்டைதான். 7 கட்டையை வைத்துக்கொண்டு 40 வருஷத்துக்கு மேலாக உலகம் விளையாடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு செய்தி. டி.வி.யில் மாட்டி விளையாடுகிற நிண்டெண்டோ பெட்டிக்கு டெட்ரிஸ் 1989-ல் வந்தது. அதில் 29-வது லெவலுக்கு மேல் கட்டை அவ்வளவு வேகமாக விழும், மனுசக் கையால் முடியாது என்றே ரொம்ப காலம் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு பையன் 157-வது லெவல் வரைக்கும் போய்விட்டான். அதற்கு மேல் போகத் தெரியாமல் கேமே உறைந்து நின்றுவிட்டது! கேம் வந்து 34 வருஷம் கழித்து முதல் முதலாக ஒரு மனுசன் அதைத் தோற்கடித்தது அப்போதுதான். அவன் வயது 13. என்னைவிட ஒரு வயசு சின்னவன். இதைப் படித்த அன்றைக்கு நான் பிரிக் கேமை எடுத்து ராத்திரி வரைக்கும் விளையாடினேன். அம்மா விளக்கை அணைத்துவிட்டார்கள். (பிரிக் கேமில் வெளிச்சம் கிடையாது. இது ஒரு குறைதான், தம்பியே, ஒத்துக்கொள்கிறேன்.)

பழைய கேம்களைப் பார்த்து "படம் நல்லா இல்லை" என்று அந்தத் தம்பி எழுதியிருந்தார். உண்மைதான், படம் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். ஆனால் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தால் கிண்டல் பண்ணத் தோன்றாது. 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட்தான். நம் வீட்டு வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் ரோஜாப்பூ வைத்து ஒரு 'இனிய காலை வணக்கம்' படம் வருகிறதே, அந்த ஒரு படமே பெரும்பாலும் அதைவிடப் பெரிசாக இருக்கும். அந்த 40-க்குள் 32 ஸ்டேஜ், பாட்டு, ஆமை, காளான், கோட்டை எல்லாம் அடைத்திருக்கிறார்கள். இடம் பற்றாமல் ஒரு தந்திரம் செய்தார்கள். வானத்தில் வெள்ளையாக மேகம் போகும், தரையில் பச்சையாகப் புதர் இருக்கும். இரண்டும் ஒரே படம்தான், கலர் மட்டும் வேறு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு மாரியோ விளையாடும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்பாவின் பழைய வேட்டியை அம்மா தலையணை உறை தைத்த மாதிரி!

அதற்கும் முன்னால் 1978-ல் ஜப்பானில் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்தது. அதில் எதிரிகளைச் சுடச் சுட, மிச்சம் இருக்கிறவர்கள் வேகமாக வருவார்கள். முதலில் யாரும் அப்படித் திட்டம் போட்டுச் செய்யவில்லை. எதிரி குறைந்தால் அந்த மெஷினுக்கு வரைய வேண்டிய வேலை குறைகிறது, அதனால் மீதியை வேகமாக ஓட்டியது. செய்தவர் அது நல்லா இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார்.

இப்போது பொம்பளைப் பிள்ளை விஷயம். 1980-ல் வந்த பேக்மேன் தெரியும்தானே? மஞ்சள் வட்டம் வாயைத் திறந்து திறந்து புள்ளியைத் தின்றுகொண்டே போகும், நாலு பேய் துரத்தும். அதைச் செய்தவர் தோரு இவதானி. அந்தக் காலத்தில் ஜப்பானில் காசு போட்டு விளையாடும் கடைகளில் ஆம்பளைப் பசங்கதான் நிற்பார்களாம். எல்லாமே விண்வெளிச் சண்டைக் கேம்கள். பெண்களும் உள்ளே வருகிற மாதிரி ஒரு கேம் செய்யணும் என்று யோசித்து, சாப்பிடுகிற கேமைச் செய்தார். பெண்கள் என்றாலே சாப்பாடுதானா என்று எனக்கு முதலில் கோபம் வந்தது. ஆனால் இவர்களும் வரட்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்தாரே, அது எனக்குப் பிடித்தது. அந்த நாலு பேயும் ஒரே மாதிரித் துரத்தாது என்பது தெரியுமா? சிவப்புப் பேய் நேரே பின்னால் வரும். ரோஸ் கலர் பேய் நாம் போகப்போகிற இடத்துக்கு முன்னால் போய் மறிக்கும். இது தெரியாமல் விளையாடினால் சீக்கிரம் அவுட்.

அவுட். இந்த வார்த்தையைப் பற்றித்தான் நான் எழுத வந்ததே.

எங்கள் பெரியம்மா வீட்டில் டி.வி.யில் மாட்டுகிற கேம் பெட்டி ஒன்று இருக்கிறது. பழைய கேசட் போடுவது, ஓரம் எல்லாம் உடைந்து ரப்பர் பேண்டு சுற்றியிருக்கும். லீவு விட்டால் அங்கேதான் கூட்டம். மாரியோவுக்கு மூன்று உயிர். பள்ளத்தில் விழுந்தாலோ ஆமை முட்டினாலோ ஒன்று போகும். மூன்றும் போனால் அடுத்த ஆளுக்கு ரிமோட்டைக் கொடுத்துவிடணும். பெரிய அண்ணன்கள் ரொம்ப நேரம் வைத்திருப்பார்கள், சின்னப் பிள்ளைகள் உடனே அவுட் ஆவார்கள். ஆனால் எவ்வளவு பெரிய ஆளும் ஒரு நேரத்தில் அவுட் ஆகியே தீரணும். நாங்கள் ஐந்து பேர் பெண்கள் இருந்தோம், ஐந்து பேருக்கும் முறை வந்தது. "நீ பொண்ணு, தள்ளு" என்று யாரும் சொல்ல முடியாது. ஏனென்றால் அவுட் ஆனது டி.வி.யில் எல்லோர் கண் முன்னாலும் தெரிகிறது. வரிசையில் உட்கார்ந்து "குதி, குதி, ஐயோ!" என்று கத்துவதுகூட விளையாடினது மாதிரியேதான்.

இப்போது புது கேமுக்கு வருகிறேன். அந்தத் தம்பி சொன்னதில் சரியான பாதி இதுதான்.

எங்கள் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ராத்திரி 9 மணிக்கு மேல் ரூமுக்கு வந்ததும் கேமில் வருவார். இங்கே தம்பி அம்மாவின் டச் போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவான். இரண்டு பேரும் ஒரே தீவில் இறங்கி, பேசிக்கொண்டே சண்டை போடுவார்கள். நான் ரொம்ப நாள் இதைத் திட்டிக்கொண்டிருந்தேன். டப் டப் என்று சுடுவதில் என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் கோள் சொல்லுவேன்.

ஒரு நாள் தம்பிக்குக் காய்ச்சல். போன் என் கையில் இருந்தது. அண்ணன் கூப்பிட்டார். நான் அந்தப் பட்டனை அழுத்தி உள்ளே போய்விட்டேன். விமானத்திலிருந்து குதிக்கிற இடத்தில் எனக்கு வயிறே கலங்கிவிட்டது. கீழே மலை, கடல், ஓட்டு வீடு, புல் எல்லாம் அசைகிறது. "யாரு, பாப்பாவா?" என்று அண்ணன் கேட்டார். "ஆமாண்ணே" என்றேன். "பயப்படாத, என் பின்னாடியே வா" என்றார். எனக்கு ஓடத் தெரியவில்லை, சுவரில் முட்டிக்கொண்டே நின்றேன். அவர் திரும்பி வந்து, வந்து கூட்டிப்போனார். நாங்கள் யாரையும் சுடவில்லை. ஒரு பாலத்துக்கு மேல் நின்றுகொண்டு, சாப்பிட்டியா, பரீட்சை எப்போ, அப்பா முழங்கால் வலிக்கு மாத்திரை போடுறாரா என்று பேசினோம். யாரோ சுட்டு நான் செத்துப்போய்விட்டேன். அப்போதும் அண்ணன் விளையாடுவது என் போனில் தெரிந்தது, பேச்சும் கேட்டது. போன் பண்ணினால் அண்ணன் "நல்லா இருக்கேன், அம்மாட்ட குடு" என்பதோடு முடித்துவிடுவார். அன்றைக்கு அரை மணி நேரம் பேசினார்.

ஆகவே புது கேமில் ஒன்றுமில்லை என்று நான் இனி சொல்ல மாட்டேன். 40 கிலோபைட் மாரியோவால் திருப்பூரையும் எங்கள் திண்ணையையும் ஒட்டவைக்க முடியாது. 2020 செப்டம்பரில் பப்ஜிக்கும், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்கும் நம் நாட்டில் தடை வந்தது. அதற்காகப் பசங்கள் விட்டுவிடவில்லை, வேறு பெயரில் வந்த கேமுக்கு மாறிக்கொண்டார்கள். துப்பாக்கி ஆசை மட்டும்தான் காரணம் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். கூட இருக்கிற ஆசையும் ஒரு காரணம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் தம்பிக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டது. போன் அவனிடம் போய்விட்டது. "ஒரு மேட்ச் நான் ஆடுறேன்டா" என்றேன். "இரு, இது முடியட்டும்" என்றான். முடிந்தது. "டீம்ல மூணு பேர் காத்திருக்காங்க, இப்ப விட்டா அண்ணனுக்குப் பாயிண்ட் போயிடும்" என்றான். அதுவும் முடிந்தது. "இன்னைக்கு மிஷன் முடிச்சாத்தான் பெட்டி கிடைக்கும்" என்றான். அப்புறம் "சீசன் முடியப்போகுது" என்றான். ஒரு மேட்ச் என்னமோ பத்து இருபது நிமிஷம்தான். ஆனால் அதற்குப் பின்னால் தினப் பரிசு, வாரப் பரிசு, சீசன் என்று கொக்கி மேல் கொக்கி மாட்டி வைத்திருக்கிறார்கள். அவன் செத்தாலும் அவுட் இல்லை! எனக்கு முறை வரவே இல்லை. அம்மாவிடம் சொன்னால், "அவன் அண்ணன்கூடத்தானே பேசுறான், நீ போய்ப் படி" என்கிறார்கள். எனக்கும் அண்ணன்தானே அவர்?

அந்த எட்டாம் வகுப்புத் தம்பி "புது கேம் எப்பவும் தீராது, அதான் சூப்பர்" என்று எழுதியிருந்தார். ஒரு வீட்டில் ஆளுக்கு ஒரு போன் இருந்தால் அது சூப்பர்தான். ஒரே போன் இருக்கிற வீட்டில் தீராத விளையாட்டு என்றால், யார் கையில் போன் இருக்கிறதோ அவருக்குத்தான் அது விளையாட்டு. நம் வகுப்பில் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் கையில் அது சாயங்காலம் இருக்கிறது என்று.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தம்பி ஒரு கேமில் (பேர் வேண்டாம்) துப்பாக்கிக்குப் பெயின்ட் அடிக்க அம்மா கணக்கிலிருந்து 400 ரூபாய் எடுத்துவிட்டான். பெயின்ட் அடித்தால் கூடக் கொஞ்சம் அழகாகத் தெரியும், அவ்வளவுதான். அதுகூட நேராக வாங்கவில்லை. பெட்டியைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாது, வராவிட்டால் திரும்பத் திறக்கணும். பெல்ஜியம் நாட்டில் 2018-லேயே இந்த மாதிரிக் காசுக்குத் திறக்கும் பெட்டிகள் சூதாட்டம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மா முருங்கைக் குச்சியால் சொன்னார்கள். நூறு நாள் வேலைக் காசு அது. மாரியோவின் சிவப்புத் தொப்பி பணக்காரன் விளையாடினாலும் அதே தொப்பி, எங்கள் பெரியம்மா வீட்டில் நான் விளையாடினாலும் அதே தொப்பி.

அப்படியானால் பழையதுதான் உசத்தி என்று முடிக்கப் போகிறேனா? இல்லை. வெண்பா என்று ஒரு கேம் 2023-ல் வந்தது. கனடாவில் டொரண்டோ நகரத்தில் இருக்கிறவர்கள் செய்தது. 1980-களில் அங்கே குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா பேர்தான் வெண்பா. அவருடைய அம்மாவின் சமையல் நோட்டு கிழிந்து, பாதி எழுத்து அழிந்துபோயிருக்கும். அதைப் பார்த்து மிச்சத்தை நாமே யோசித்து இட்லி, புட்டு, பிரியாணி எல்லாம் செய்யணும். இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி ஒழுங்காக ஏறும் என்பதே ஒரு புதிர்! என் அம்மாயி இதை யோசிக்கவே மாட்டார்கள், கை தானாகப் போகும். மகன் வளர வளரத் தமிழ் பேசக் கூச்சப்படுவான், அந்த இடம் பார்க்கும்போது தொண்டை அடைக்கும். 2024-ல் பிரிட்டனில் கொடுக்கிற பாஃப்டா கேம் விருதில் சிறந்த அறிமுக கேம் பரிசு அதற்குக் கிடைத்தது. நான் விளையாடியதில்லை, யூடியூபில் ஒருவர் விளையாடுவதைத்தான் பார்த்தேன். ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்துவிட்டது. முடிந்ததும் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பழைய கேமில் இப்படி அழ முடியாது. ஆனால் மாரியோ மாதிரியே இதுவும் முடிகிறது பாருங்கள். புதுசாகவும் இருக்கலாம், முடியவும் செய்யலாம்.

அப்பாயியின் பட்டன் போனில் பாம்பு கேம் இருக்கிறது. 1997-ல் நோக்கியா 6110 போனில் பின்லாந்துக்காரர் டனெலி அர்மான்டோ போட்டுக் கொடுத்ததன் வழியில் வந்தது. பாம்பு தன் வாலைத் தானே கடித்தால் அவுட். எங்கள் வீட்டில் அண்ணன் இல்லாத நேரத்தில் எனக்குத் துணை அதுதான். அப்பாயிக்கும் சொல்லிக் கொடுத்தேன். 2 மேலே, 8 கீழே, 4 இடது, 6 வலது. அப்பாயி மூன்று தடவை அவுட் ஆகிவிட்டு "இந்தாடி, உன் முறை" என்று போனை நீட்டினார்கள்.

நான் தம்பியிடம் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் 9 மணி மேட்ச் எனக்கு. பதிலுக்கு அவன் கணக்கு வீட்டுப்பாடத்துக்கு நான் உதவணும். இரண்டு வாரம் நடந்தது, மூன்றாவது வாரம் சீசன் வந்து கெடுத்துவிட்டது. அண்ணனிடமே சொல்லிவிட்டேன். "பாப்பா வர்ற அன்னைக்கு நான் மேட்ச் போட மாட்டேன், பாலத்துல நின்னு பேசுவோம்" என்றார். தம்பிக்குப் பாயிண்ட் போகும். போகட்டும்.

குழந்தைகள் தினத்துக்குப் பள்ளியில் ஏதாவது செய்யலாம் என்று நம் தமிழ் டீச்சர் கேட்டார்கள். பெரியம்மா வீட்டுக் கேம் பெட்டியை நான் கொண்டுவருகிறேன், தலைமையாசிரியர் அனுமதித்தால். மாரியோ, மூன்று உயிர், அவுட் ஆனால் அடுத்த ஆள். கீழே கோடு போட்டு இடம் விட்டிருக்கிறேன், விளையாட நினைக்கிறவர்கள் பென்சிலில் பெயர் எழுதுங்கள். ஒரு வரி ஆண்கள், ஒரு வரி பெண்கள் என்று மாறி மாறி வரும். எட்டாம் வகுப்புத் தம்பிக்கு இரண்டாவது இடம் பிடித்து வைத்திருக்கிறேன். முதல் இடம் என்னுடையது, சார்ட் எழுதியவள் நான்தானே!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி